ஒரு டேப்ல மாத்தினா அடுத்த டேப்புக்கும் தெரியணுமா? ஸ்டோரேஜ் ஈவென்ட்ட சரியா பிடிக்கிற வழி

ஒரே சைட்ட நாலு டேப்ல தொறந்து வச்சுக்கிட்டு வேலை பாக்குறது இப்ப எல்லாருக்கும் சகஜம். ஒரு டேப்ல லாக் அவுட் பண்ணிட்டு எழுந்து போயிடுவாங்க, பக்கத்து டேப்ல அவங்க பேரு, போட்டோ, ஆர்டர் லிஸ்ட் எல்லாம் அப்படியே பப்பரப்பான்னு தெரிஞ்சிட்டு இருக்கும். கார்ட்ல மூணு சாமான் போட்டிருப்பாங்க, இன்னொரு டேப்ல கார்ட் காலின்னு காட்டும். இதுக்காக வெப் சாக்கெட் அது இதுன்னு சர்வர் பக்கம் பெருசா கட்டணும்னு அவசியமே இல்ல, பிரவுசருக்குள்ளயே ஒரு வசதி இருக்கு, லோக்கல் ஸ்டோரேஜ்ல (ஒரு சைட் தன் டேட்டாவ கீ, வேல்யூன்னு பேர் வச்சு பிரவுசர்லயே சேமிக்கிற இடம்) ஏதாவது மாறினா மத்த பேஜ்களுக்கு "ஸ்டோரேஜ்"ங்கிற பேர்ல ஒரு ஈவென்ட் போகும். 2009ல வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 8லயே லோக்கல் ஸ்டோரேஜ் இருந்துச்சு, அவ்ளோ பழைய சமாச்சாரம். ஆனாலும் இன்னிக்கும் "ஈவென்ட் வரவே மாட்டேங்குது"ன்னு புலம்புற ஆளுங்க குறையல. பெரும்பாலும் அது வர வேண்டிய இடத்துக்கு ஒழுங்கா வந்துட்டுதான் இருக்கும், நாமதான் தப்பான டேப்ல உக்காந்து காத்துட்டு இருப்போம்.

ஆமா, மாத்தின டேப்புக்கு அந்த ஈவென்ட் வராது. அதே ஆரிஜின்ல (அதாவது அதே சைட் முகவரில) தொறந்திருக்கிற மத்த டேப், மத்த விண்டோ, உள்ள இருக்கிற ஐஃப்ரேம் (பேஜுக்குள்ள பதிச்ச இன்னொரு பேஜ்) இதுக்கெல்லாம் வரும், எழுதின பேஜுக்கு மட்டும் வராது. இது பக் கிடையாது, ஸ்பெக்லயே (பிரவுசர்ங்க பின்பத்துற விதிமுறை) அப்படித்தான் இருக்கு. எழுதினவனுக்கே "நீ எழுதிட்டப்பா"ன்னு திருப்பி சொல்லி என்ன பிரயோஜனம்ங்கிற லாஜிக். பழைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் மட்டும் எழுதின பேஜுக்கும் சேத்து அனுப்பிட்டு இருந்துச்சு, அதுக்கு ஏத்த மாதிரி எழுதின பழங்கால கோடு எங்கயாவது கெடைச்சா காப்பி அடிக்காதீங்க.

லிசனர் போடுறது எங்க

விண்டோ மேல ஆட் ஈவென்ட் லிசனர் போட்டு ஈவென்ட் பேரா "ஸ்டோரேஜ்"னு குடுக்கணும், இங்கிலீஷ் சின்ன எழுத்துல. லோக்கல் ஸ்டோரேஜ் ஆப்ஜெக்ட் மேலயே லிசனர் போட பாக்குறாங்க சில பேர், அதுல அந்த மெத்தடே கிடையாது. வர ஈவென்ட்ல அஞ்சு விஷயம் இருக்கும், எந்த கீ மாறுச்சு, பழைய வேல்யூ என்ன, புது வேல்யூ என்ன, மாத்தின பேஜோட யூஆர்எல், அப்புறம் ஸ்டோரேஜ் ஏரியா. கடைசில சொன்னத யாரும் கண்டுக்கறதில்ல, ஆனா லோக்கல் ஸ்டோரேஜுக்கும் செஷன் ஸ்டோரேஜுக்கும் (ஒரு டேபுக்குள்ள மட்டும் இருக்கிற ஸ்டோரேஜ்) சேத்து இதே ஒரு ஈவென்ட்தான் வரும், ரெண்டுலயும் ஒரே பேர்ல கீ வச்சிருந்தா எதுல மாறுச்சுன்னு இத பாத்துதான் பிரிக்க முடியும், அதனால ஹேண்ட்லரோட (ஈவென்ட் வந்தா ஓடுற நம்ம ஃபங்ஷன்) மொத வரியிலயே ஸ்டோரேஜ் ஏரியா லோக்கல் ஸ்டோரேஜ்தானான்னு பாத்துட்டு இல்லன்னா ரிட்டர்ன் ஆயிடுங்க.

கீ புதுசா வந்தா பழைய வேல்யூ "நல்" (null, ஒன்னுமே இல்லன்னு அர்த்தம்). ரிமூவ் ஐட்டம் பண்ணா புது வேல்யூ நல். யாராவது கிளியர் கூப்பிட்டா கீ, பழசு, புதுசு மூணுமே நல். இங்கதான் நெறைய பேர் மாட்டுவாங்க, ஹேண்ட்லர்ல "கீ கார்ட்டா இருந்தா மட்டும் பாரு"ன்னு எழுதி வச்சிருப்பாங்க, டீம்ல வேற யாரோ லாக் அவுட் ஃபங்ஷன்ல கிளியர் போட்டிருப்பாங்க, மொத்த ஸ்டோரேஜும் தொடச்சு போயிருக்கும், ஆனா கீ "நல்"னு வந்ததால நம்ம இஃப் கண்டிஷன் அத தாண்டி போயிடும். அதனால கீ "நல்"னு இருந்தா "எல்லாமே மாறிடுச்சு"ன்னு எடுத்துக்கிட்டு எல்லா பார்ட்டையும் ரெஃப்ரெஷ் பண்ணுங்க. என்ன கேட்டா கிளியர் கூப்பிடுறதையே நிறுத்திடலாம், நம்ம கீ எல்லாத்துக்கும் ஒரு பொது முன்னொட்டு வச்சு அத மட்டும் அழிக்கிறது நல்லது, அதே ஆரிஜின்ல ஓடுற வேற ஸ்கிரிப்ட்டோட டேட்டாவ நாம அழிக்க வேணாமே.

இன்னொன்னு, இருக்கிற வேல்யூவயே திரும்ப எழுதினா ஈவென்ட் போகாது. மாற்றம் இல்லாதப்ப சொல்றதுக்கு ஒன்னும் இல்லன்னு பிரவுசர் கம்முனு இருந்துடும். "ரெஃப்ரெஷ்"ங்கிற கீல "ட்ரூ"ன்னு ஒரு தடவ எழுதினா போகும், ரெண்டாவது தடவ அதையே எழுதினா போகாது. சிக்னலா யூஸ் பண்றதா இருந்தா கூடவே டைமோ ரேண்டம் நம்பரோ சேத்து எழுதுங்க, ஒவ்வொரு தடவையும் வேல்யூ வேறயா இருக்கணும், அவ்ளோதான்.

அப்பவும் வரலன்னா

ஆரிஜின பாருங்க. ஸ்கீம், ஹோஸ்ட், போர்ட் மூணும் ஒன்னா இருக்கணும். லோக்கல்ஹோஸ்ட் 3000ல ஒன்னு, 5173ல ஒன்னு ஓடவிட்டு ரெண்டுக்கும் நடுவுல ஈவென்ட் வரலன்னு மண்டைய ஒடைச்சுக்கிறது ரொம்ப காமன், போர்ட் வேற அதனால ஆரிஜின் வேற, ஸ்டோரேஜும் வேற. லோக்கல்ஹோஸ்ட்னு ஒரு டேப்லயும் 127.0.0.1ன்னு இன்னொரு டேப்லயும் தொறந்தாலும் அதே கதைதான். டபிள்யூ டபிள்யூ டபிள்யூ இருக்கிறதும் இல்லாததும் கூட வேற வேற ஆரிஜின், எச்டிடிபியும் எச்டிடிபிஎஸ்ஸும் அப்படியே. சாதா விண்டோவுக்கும் இன்காக்னிட்டோவுக்கும் நடுவுல எதுவும் போகாது.

செஷன் ஸ்டோரேஜ்ல எழுதிட்டு பக்கத்து டேப்ல எதிர்பாக்குறீங்கன்னா அது நடக்காது, அது அந்த ஒரு டேபுக்குள்ள மட்டும்தான், அதே டேப்ல இருக்கிற அதே ஆரிஜின் ஐஃப்ரேமுக்கு வேணா ஈவென்ட் வரும். வெப் வொர்க்கர், சர்வீஸ் வொர்க்கர் (பேஜுக்கு வெளிய பின்னாடி ஓடுற ஸ்கிரிப்ட்) ரெண்டுலயும் லோக்கல் ஸ்டோரேஜே கிடையாது, அங்க லிசனர் போட்டும் புண்ணியம் இல்ல. அப்புறம் உங்க விட்ஜெட்ட வேற வேற சைட்ல ஐஃப்ரேமா போட்டு அதுங்களுக்குள்ள லோக்கல் ஸ்டோரேஜ் வழியா பேச வைக்கிற பழைய ட்ரிக் ஒன்னு இருந்துச்சு, அது இப்ப செத்துப்போச்சு, குரோம் 2023ல 115வது வெர்ஷன்லேருந்து மூணாம் பார்ட்டி ஸ்டோரேஜ அட்ரஸ் பார்ல இருக்கிற சைட்ட வச்சு தனித்தனியா பிரிச்சிடுச்சு, சஃபாரியும் ஃபயர்பாக்ஸும் அதுக்கு முன்னாடியே பிரிச்சாச்சு. இத சுத்தி போக வழி தேடி நேரத்த வேஸ்ட் பண்ணாதீங்க, பிரைவசிக்காக வேணும்னே அடைச்ச கதவு அது.

எழுதுறது ஒரே இடத்துல நடக்கட்டும்

இப்ப முக்கியமான வேலை. ஆப்புக்குள்ள ஆளாளுக்கு கண்ட இடத்துல செட் ஐட்டம் கூப்பிடுற பழக்கத்த மொதல்ல நிறுத்துங்க. ஒரு சின்ன மாட்யூல் எழுதுங்க, அதுல படிக்க ஒன்னு, எழுத ஒன்னு, சப்ஸ்கிரைப் பண்ண (மாறினா எனக்கு சொல்லுன்னு பதிவு பண்ண) ஒன்னு, மூணே ஃபங்ஷன். எழுதுற ஃபங்ஷன் செட் ஐட்டம் பண்ணிட்டு அந்த டேபுக்குள்ள சப்ஸ்கிரைப் பண்ணவங்க எல்லாரையும் தானே கூப்பிட்டு "இந்த கீ மாறிடுச்சு"ன்னு சொல்லணும். விண்டோ மேல போட்ட ஸ்டோரேஜ் லிசனரும் அதே லிஸ்ட்டதான் கூப்பிடணும். இப்படி வச்சா ஸ்க்ரீன்ல இருக்கிற பார்ட்டுக்கு மாற்றம் சொந்த டேப்ல வந்துச்சா அடுத்த டேப்ல வந்துச்சான்னு தெரியவே வேண்டாம், ரெண்டுக்கும் ஒரே வழி. சொந்த டேப்புக்கு ஈவென்ட் வராத பிரச்சனை இதோட முடிஞ்சுது. சில பேர் இதுக்கு பதிலா ஸ்டோரேஜ் ஈவென்ட் ஒன்ன போலியா உருவாக்கி சொந்த விண்டோ மேலயே டிஸ்பாட்ச் பண்ணுவாங்க, ஓடும்தான், ஆனா எனக்கு பிடிக்காது, அதே பேஜ்ல இருக்கிற வேற ஸ்கிரிப்ட்டும் அத கேட்டுட்டு "வேற டேப்ல மாத்திட்டாங்க"ன்னு தப்பா நெனச்சுக்கும்.

செட் ஐட்டம சுத்தி ட்ரை கேட்ச் கட்டாயம் போடுங்க. பொதுவா ஒரு ஆரிஜினுக்கு 5 எம்பி அளவுதான் இடம், ரொம்பிடுச்சுன்னா கோட்டா எர்ரர் தூக்கி எறியும், பழைய சஃபாரில பிரைவேட் மோட்ல போனா மொத எழுத்துலயே எறியும். எழுத முடியலன்னா "மாறிடுச்சு"ன்னு சப்ஸ்கிரைபர்ங்களுக்கு சொல்லிடாதீங்க, அப்புறம் ஸ்க்ரீன் ஒன்னு காட்டும் ஸ்டோரேஜ் ஒன்னு வச்சிருக்கும்.

அப்புறம் கேக்குற பக்கம். ஈவென்ட்ல வர புது வேல்யூவ நேரா எடுத்து ஸ்க்ரீன்ல போட்டுடலாமேன்னு தோணும். வேணாம். அந்த ஈவென்ட்ட காலிங் பெல் மாதிரி வச்சுக்கோங்க, சத்தம் கேட்டதும் போய் கெட் ஐட்டம் பண்ணி இப்ப என்ன இருக்குன்னு பாருங்க. ஏன்னா ஈவென்ட் அப்பவே ஓடாது, டாஸ்க்கா கியூவுல நிக்கும், உங்க பேஜ் வேற ஏதோ கணக்கு போட்டுட்டு இருந்தா கொஞ்சம் லேட்டாதான் கைக்கு வரும். பக்கத்து டேப் கார்ட்ல 2ன்னு எழுதுது, அந்த ஈவென்ட் கியூவுல இருக்கும்போதே யூசர் இந்த டேப்ல பட்டன அமுக்கி 3ன்னு ஆக்கிட்டாரு, அப்புறம் பழைய ஈவென்ட் ஓடுது, அதுல இருக்கிற 2வ எடுத்து நீங்க ஸ்க்ரீன்ல போட்டா ஸ்டோரேஜ்ல 3 இருக்க ஸ்க்ரீன்ல 2 இருக்கும், அடுத்த மாற்றம் வர வரைக்கும் அப்படியே நிக்கும். திரும்ப படிச்சிருந்தா 3தான் வந்திருக்கும். ஒரே வேல்யூவ ரெண்டு தடவ வரைஞ்சா நஷ்டம் ஒன்னும் இல்ல, தப்பான வேல்யூவ ஒரு தடவ வரைஞ்சாலே கஸ்டமர் கேர்ல போன் அடிக்கும்.

படிச்சதும் ஜேசன் பார்ஸ் (ஸ்ட்ரிங்க திரும்ப ஆப்ஜெக்ட்டா மாத்துறது) பண்றப்பவும் ட்ரை கேட்ச் போடுங்க, அடுத்த டேப்ல ஓடுறது போன வாரம் தொறந்து வச்ச பழைய வெர்ஷனா கூட இருக்கலாம், அது எழுதுற ஷேப் வேற மாதிரி இருக்கும். டேட்டாவுக்குள்ளயே ஒரு வெர்ஷன் நம்பர் வச்சு, தெரியாத நம்பர் வந்தா தொடாம விட்டுட்டு "பேஜ ரீலோட் பண்ணுங்க"ன்னு ஒரு பட்டி காட்டுறது உத்தமம்.

ஹேண்ட்லருக்குள்ள அதே கீய திரும்ப எழுதுறத மட்டும் எந்த காரணத்துக்காகவும் செய்யாதீங்க. ஏ டேப் எழுதுது, பி டேப் "இது சரியில்லயே"ன்னு திருத்தி எழுதுது, அத பாத்து ஏ மறுபடி திருத்துது, ரெண்டும் விடிய விடிய எழுதிட்டே இருக்கும், லேப்டாப் ஃபேன் கத்த ஆரம்பிக்கிறப்பதான் யாருக்காவது தெரியவரும். ஈவென்ட் வந்தா படி, வரை, அதோட நிறுத்து.

ரெண்டு டேப் ஒரே நேரத்துல எழுதினா

கார்ட் மாதிரி விஷயத்துல படிச்சு, மாத்தி, திரும்ப எழுதுறோம் இல்லயா, அந்த மூணுக்கும் நடுவுல இன்னொரு டேப் பூந்துடலாம். ரெண்டு டேபும் "2 சாமான் இருக்கு"ன்னு படிக்கும், ரெண்டும் ஒன்னொன்னு சேத்து 3ன்னு எழுதும், 4 வர வேண்டியது 3ல நிக்கும். முன்னாடி ஸ்பெக்ல இதுக்குன்னு ஒரு ஸ்டோரேஜ் மியூடெக்ஸ் (ஒரு நேரத்துல ஒருத்தர மட்டும் விடுற பூட்டு) வச்சிருந்தாங்க, பிரவுசர்லாம் பல ப்ராசஸா பிரிஞ்சு ஓட ஆரம்பிச்சப்புறம் அது சரிப்பட்டு வரல, எடுத்துட்டாங்க, இப்ப ஸ்பெக்கே "எந்த லாக்கும் இல்லன்னு நெனச்சுக்கிட்டு எழுதுங்க"ங்கிற அர்த்தத்துலதான் சொல்லுது. ஸ்டோரேஜ் ஈவென்ட் இந்த பிரச்சனைய தீக்காது, அது நடந்து முடிஞ்சத சொல்றது மட்டும்தான்.

இதுக்கு வெப் லாக்ஸ் ஏபிஐ இருக்கு. நேவிகேட்டர் டாட் லாக்ஸ்ல ரெக்வெஸ்ட் போட்டு "கார்ட்"னு ஒரு பேர் குடுத்தா, அந்த பேர்ல லாக் கெடைச்சப்புறம்தான் உங்க ஃபங்ஷன் ஓடும், அது முடியிற வரைக்கும் அதே பேர்ல லாக் கேக்குற மத்த டேப் வெயிட் பண்ணும். குரோம்ல 2018லேருந்து இருக்கு, ஃபயர்பாக்ஸ், சஃபாரி ரெண்டுலயும் 2022ல வந்துச்சு, எச்டிடிபிஎஸ்லயும் லோக்கல்ஹோஸ்ட்லயும் மட்டும்தான் கெடைக்கும். டார்க் மோட், லாங்குவேஜ் மாதிரி கடைசியா எழுதினது ஜெயிச்சா போதும்ங்கிற விஷயத்துக்கு லாக் தேவையில்ல, கணக்கு கூட்டுற விஷயத்துக்கு கண்டிப்பா வேணும். காசு சம்பந்தப்பட்டதுன்னா அந்த கணக்கே சர்வர்லதான் இருக்கணும், இதெல்லாம் ஸ்க்ரீன்ல காட்ட மட்டும்.

லாக் அவுட் எல்லா டேப்லயும் நடக்கணும்

இதுக்குதான் பாதி பேர் இந்த ஈவென்ட்ட தேடி வருவாங்க. வரிசை முக்கியம். மொதல்ல சர்வருக்கு லாக் அவுட் ரெக்வெஸ்ட் போகணும், அது செஷன சாகடிச்சு பதில் சொன்னப்புறம்தான் லோக்கல் ஸ்டோரேஜ்ல லாக் அவுட் கீய டைமோட எழுதணும், அதுக்கப்புறம்தான் இந்த டேப் லாகின் பேஜுக்கு போகணும். மாத்தி செஞ்சா என்ன ஆகும்னா, கீய பாத்ததும் மத்த டேப்லாம் லாகின் பேஜுக்கு ஓடும், அங்க குக்கி இன்னும் உயிரோட இருக்கும், "நீங்கதான் ஏற்கனவே உள்ள இருக்கீங்களே"ன்னு லாகின் பேஜ் திருப்பி ஹோம் பேஜுக்கு அனுப்பிடும், யூசர் லாக் அவுட் பண்ணதே தெரியாத மாதிரி அந்த டேப் சிரிச்சிட்டு நிக்கும். இந்த பக் லோக்கல் மெஷின்ல வராது, நெட் ஸ்லோவா இருக்கிறப்ப மட்டும் வரும், பிடிக்கறதுக்குள்ள உயிர் போயிடும்.

ஸ்டோரேஜ் ஈவென்ட் வந்தாதான் அந்த டேப் லாக் அவுட் ஆகும்ங்கிற நெனப்புல பாதுகாப்ப கட்டாதீங்க. டோக்கன லோக்கல் ஸ்டோரேஜ்ல வைக்காம எச்டிடிபி ஒன்லி குக்கில (ஜாவாஸ்கிரிப்ட் படிக்க முடியாத குக்கி) வச்சு, செஷன் போச்சுன்னா எந்த ரெக்வெஸ்ட்டுக்கும் 401 (லாகின் இல்லன்னு சொல்ற பதில்) வர மாதிரி சர்வர்ல இருக்கணும். ஈவென்ட் வந்தா ஸ்க்ரீன் சீக்கிரம் மாறும், அவ்ளோதான் அதோட வேலை.

தூங்கிட்டு இருந்த டேப்

போன்ல ரொம்ப நேரமா பின்னாடி கெடக்கிற டேப்ப பிரவுசர் உறைய வச்சிடும், அப்ப உங்க கோடு எதுவும் ஓடாது. பேக் பட்டன் அமுக்கி திரும்ப வர பேஜும் பல நேரம் புதுசா லோட் ஆகாது, பேக் ஃபார்வர்ட் கேஷ்லேருந்து விட்ட இடத்துலேருந்து அப்படியே எழுந்து வரும். நடுவுல நடந்த மாற்றம் எல்லாம் ஈவென்ட்டா கரெக்டா வந்து சேரும்னு நம்பிட்டு இருக்காதீங்க. பேஜ் ஷோ ஈவென்ட்ல பெர்சிஸ்டட் ட்ரூவா இருந்தா ஒரு தடவ, விசிபிலிட்டி சேஞ்ச்ல பேஜ் மறுபடி கண்ணுக்கு தெரியுறப்ப ஒரு தடவ ஸ்டோரேஜ முழுசா படிச்சு ஸ்க்ரீன சரி பண்ணிக்கோங்க. மேல சொன்ன மாட்யூல் இருந்தா இது ரெண்டு வரி வேலை, "எல்லாமே மாறிடுச்சு"ன்னு சொல்ற அதே ஃபங்ஷன கூப்பிட்டா முடிஞ்சுது. பேஜ் லோட் ஆனதும் லிசனர மொதல்ல போட்டுட்டு அப்புறமா ஸ்டோரேஜ படிங்க, தலைகீழா செஞ்சா ரெண்டுக்கும் நடுவுல நடந்த மாற்றம் கைநழுவி போகும்.

எழுதுற சைஸையும் பாத்துக்கோங்க. லோக்கல் ஸ்டோரேஜ் சிங்க்ரனஸ், எழுதி முடிக்கிற வரைக்கும் பேஜ் நிக்கும், அதுக்கு மேல ஒவ்வொரு மாற்றத்துக்கும் பழைய ஸ்ட்ரிங்கும் புது ஸ்ட்ரிங்கும் தொறந்திருக்கிற மத்த எல்லா டேப்புக்கும் போகணும். பெரிய ஃபார்ம் டிராஃப்ட்ட ஒவ்வொரு எழுத்து அடிக்கிறப்பவும் எழுதினீங்கன்னா பத்து டேப் தொறந்து வச்சிருக்கிறவர் மெஷின் திணறும். அடிக்கிறத நிறுத்தி அரை செகண்ட் ஆனப்புறம் எழுதுங்க, போதும்.

பிராட்காஸ்ட் சேனல் எப்ப

இப்ப புதுசா எழுதுறவங்க "ஸ்டோரேஜ் ஈவென்ட்டே வேணாம், பிராட்காஸ்ட் சேனல் போடுங்க"ன்னு சொல்றாங்க, அதுவும் ஓரளவு நியாயம்தான். ஒரே பேர்ல சேனல் தொறந்து வச்சிருக்கிற அதே ஆரிஜின் பேஜ் எல்லாத்துக்கும் மெசேஜ் போகும், வொர்க்கருக்கும் போகும், ஸ்ட்ரிங்கா மாத்தாம ஆப்ஜெக்ட்டாவே அனுப்பலாம், ஒரே மெசேஜ பத்து தடவ அனுப்பினாலும் பத்து தடவையும் போகும். 2022 மார்ச்ல சஃபாரி 15.4ல வந்தப்புறம் எல்லா பெரிய பிரவுசர்லயும் இருக்கு. ஆனா அது எதையும் சேமிச்சு வைக்காது, மெசேஜ் போனப்புறம் தொறந்த டேப்புக்கு ஒன்னும் தெரியாது. நான் பிரிக்கிறது இப்படித்தான், "இப்ப நெலம என்ன"ங்கிறது லோக்கல் ஸ்டோரேஜும் அதோட ஈவென்ட்டும், "இத இப்ப செய்"ங்கிறது பிராட்காஸ்ட் சேனல். இன்டெக்ஸ்டு டிபில (பிரவுசருக்குள்ள இருக்கிற டேட்டாபேஸ்) டேட்டா வச்சிருக்கீங்கன்னா அதுக்கு மாற்றம் சொல்ற ஈவென்ட்டே கிடையாது, டிரான்சாக்ஷனோட கம்ப்ளீட் வந்தப்புறம் நீங்களே சேனல்ல ஒரு மெசேஜ் போடணும், அதுக்கு முன்னாடி போட்டா அடுத்த டேப் பழசதான் படிக்கும். சேனல்ல அனுப்பின ஆப்ஜெக்ட்டுக்கே மெசேஜ் திரும்பி வராது, ஆனா அதே பேஜ்ல அதே பேர்ல ரெண்டாவது சேனல் ஆப்ஜெக்ட் உருவாக்கியிருந்தா அதுக்கு வரும், இது தெரியாம ஒவ்வொரு கம்போனென்ட்லயும் ஒரு சேனல் தொறந்துட்டு ஏன் எல்லாம் டபுளா ஓடுதுன்னு தேடிட்டு இருப்பாங்க.

எக்ஸ்டென்ஷன் எழுதுறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை, குரோம் எக்ஸ்டென்ஷனோட ஸ்டோரேஜ் ஆன் சேஞ்சுடுங்கிற ஈவென்ட் வேற ஜாதி, எழுதின இடத்துக்கும் வரும். வெப் பேஜ்ல எழுதின மாட்யூல அப்படியே அங்க தூக்கி போட்டா ஒரு மாற்றத்துக்கு ரெண்டு தடவ அறிவிப்பு போகும், எழுதுற ஃபங்ஷன்ல இருக்கிற சொந்த அறிவிப்ப அங்க எடுத்துடுங்க.

ரியாக்ட்ல 18வது வெர்ஷன்லேருந்து யூஸ் சிங்க் எக்ஸ்டர்னல் ஸ்டோர்ங்கிற ஹுக் இதுக்குன்னே இருக்கு, யூஸ் எஃபெக்ட்ல லிசனர் போட்டு செட் ஸ்டேட் பண்ற பழைய வழிய விட இது பெட்டர். நம்ம சப்ஸ்கிரைப் ஃபங்ஷன மொத ஆர்க்யூமென்ட்டா குடுத்துட்டு, ரெண்டாவதா குடுக்கிற ஸ்னாப்ஷாட் ஃபங்ஷன்ல கெட் ஐட்டமோட ஸ்ட்ரிங்க அப்படியே ரிட்டர்ன் பண்ணுங்க. அங்கயே ஜேசன் பார்ஸ் பண்ணி ஆப்ஜெக்ட் குடுத்தா ஒவ்வொரு தடவையும் புது ஆப்ஜெக்ட், ரியாக்ட் "மாறிடுச்சு"ன்னு நெனச்சு முடிவில்லாம ரெண்டர் பண்ணி எர்ரர் அடிக்கும். ஸ்ட்ரிங்க வாங்கிட்டு வெளிய யூஸ் மெமோல பார்ஸ் பண்ணிக்கோங்க. சர்வர்ல ரெண்டர் ஆகுற ஆப்னா மூணாவது ஆர்க்யூமென்ட்டா சர்வர் ஸ்னாப்ஷாட்டும் குடுக்கணும், அங்க லோக்கல் ஸ்டோரேஜ் ஏது.

டெஸ்ட் பண்றப்ப ரெண்டு விண்டோவ பக்கத்துல பக்கத்துல வச்சு பாருங்க, ஒரு டேப்ப வச்சு ஒன்னும் தெரியாது. ஜேஎஸ்டாம்ல (பிரவுசர் இல்லாம பேஜ போலியா ஓட்டுற லைப்ரரி) யூனிட் டெஸ்ட்னா ஸ்டோரேஜ் ஈவென்ட்ட நீங்களே உருவாக்கி விண்டோ மேல டிஸ்பாட்ச் பண்ணனும், அதுக்கு முன்னாடி ஸ்டோரேஜ்லயும் அந்த வேல்யூவ நெஜமா எழுதி வைங்க, நம்ம ஹேண்ட்லர் போய் படிக்குதே. கீ "நல்"னு வர கேஸுக்கும் ஒரு டெஸ்ட் எழுதுங்க. ப்ளேரைட்ல (பிரவுசர தானா ஓட்டி டெஸ்ட் பண்ற டூல்) ஒரே கான்டெக்ஸ்ட்ல ரெண்டு பேஜ் தொறந்தாதான் ஸ்டோரேஜ் ஒன்னா இருக்கும், ரெண்டு கான்டெக்ஸ்ட் தொறந்தீங்கன்னா அது ரெண்டு வேற பிரவுசர் மாதிரி, டெஸ்ட் டைம் அவுட் ஆகுற வரைக்கும் ஈவென்ட் வராது.